ஆரல் கடலுக்கும் மரம் நடுவோமா?

போன வாரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். 'ஆரல் கடல் ஏன் சுருங்கியது?' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. முதல் தாளில் இப்படி இருந்தது: 'மனிதன் சுயநலத்துக்காக மரங்களை வெட்டியதால் மழை பொய்த்து ஆரல் கடல் வற்றியது. எனவே நாம் அனைவரும் மரம் நடுவோம், இயற்கையைக் காப்போம்.' சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் மரம். அதற்கடுத்ததிலும் மரம். தாள்கட்டு பாதியைத் தாண்டும்போது சிரிப்பு போய், சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

இது புதிதல்ல. வெள்ளம் ஏன் வருகிறது? மரம் வெட்டியதால். வறட்சி ஏன்? மரம் வெட்டியதால். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பையன் 'நிலநடுக்கத்தைத் தடுக்கும் வழிகள்' என்று தலைப்புப் போட்டு, முதல் வழியாக மரம் நடுதலை எழுதியிருந்தான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்னு எழுதினேன் மிஸ். சுற்றுச்சூழல் கேள்வின்னா அதுக்கு மார்க் உண்டுல்ல?"

உண்டு. அதுதான் பிரச்சினை. அந்த வரிக்கு நாம் 'டிக்' போட்டுப் பழக்கிவிட்டோம். புவியியல் பாடமாக இருக்க வேண்டியதை நீதிபோதனை வகுப்பாக்கிவிட்டோம். நீதிக் கதையில் கெட்டவன் ஒருவன்தான், பாவமும் ஒன்றுதான், பரிகாரமும் ஒன்றுதான். அதனால் பிள்ளைகளின் மண்டையில் ஓசோன், பிளாஸ்டிக், காடழிப்பு, புகை, வெப்பம் எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடக்கின்றன. கேள்வி எதுவானாலும் மூட்டையைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்து எழுதுகிறார்கள்.

ஆரல் கடலையே பாருங்கள். கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவில் இருக்கும் ஏரி அது. 1960 வாக்கில் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர், உலகின் நான்காவது பெரிய ஏரி. சுற்றிலும் வறண்ட நிலம். மழை அங்கே எப்போதுமே சொற்பம்தான். மழை பொய்த்து வற்றுவதற்கு அந்த ஏரி மழையை நம்பி இருக்கவே இல்லை. அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகள் தொலைவில் உள்ள மலைகளிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொட்டின. வெளியேறும் வழி கிடையாது. வந்த தண்ணீர் வெயிலில் ஆவியானது, ஆவியானதை ஆறுகள் ஈடுகட்டின. சோவியத் அரசு பருத்தி விளைவிக்க அந்த ஆறுகளைக் கால்வாய்களில் திருப்பியது. கால்வாய் பலவற்றுக்குத் தளப்பூச்சு கிடையாது, பாதி வழியிலேயே மணல் குடித்துவிட்டது. வரவு ஏறக்குறைய நின்றது, ஆவியாவது நிற்கவில்லை. கதை இவ்வளவுதான். இதில் மரம் எங்கே வருகிறது?

உண்மையில் வருகிறது, வேறு வேலைக்கு. வற்றிய படுகையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி பறக்கிறது. அதைப் பிடித்துவைக்க சாக்சால் என்ற பாலைச் செடியை அங்கே நடுகிறார்கள். தண்ணீரைத் திரும்பக் கொண்டுவர அல்ல, புழுதியை அடக்க. தண்ணீர் கொஞ்சம் திரும்பியது வடக்குப் பக்கத்தில். 2005இல் கோக்-ஆரல் அணையைக் கட்டி சிர் தாரியாவின் நீரை வடக்குப் பகுதியில் தேக்கினார்கள். நீர்மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது, மீன் வந்தது. இந்த இரண்டு செய்தியையும் சேர்த்து எழுதும் பிள்ளைக்கு நான் ஐந்துக்கு ஆறு போடத் தயார்.

மரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த மரம், எந்த மண்ணில், யார் தண்ணீரில் என்று கேட்காமல் நடுவதில்தான் கோபம். தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் அரசே ஒரு திட்டம் நடத்துகிறது. வேலை என்ன தெரியுமா? மரம் வெட்டுவது. வெளியிலிருந்து வந்து பரவிய பைன், யூகலிப்டஸ், சீமைக் கருவேலின் தூரத்துச் சொந்தங்களான வாட்டில் மரங்கள் ஆற்று நீரை உறிஞ்சிவிடுகின்றன என்று, ஆட்களை வேலைக்கு வைத்து வெட்டி எடுக்கிறார்கள். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் முகத்தில் ஒரு திகைப்பு வரும். அந்தத் திகைப்புதான் எனக்கு வேண்டும். புல்வெளி என்பது 'மரம் இல்லாத வெற்றிடம்' இல்லை என்று அதற்கப்புறம் சொன்னால் காதில் ஏறும்.

சரி, மரத்தை விடுவோம். என்னை அதைவிட அதிகம் படுத்துவது ஓசோன்.

'ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததால் வெயில் நேராக உள்ளே வந்து பூமி சூடாகிறது.' இந்த வாக்கியத்தை நான் எத்தனை தாளில் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. பிள்ளைகள் மட்டுமா? பெற்றோர் சொல்கிறார்கள். கைடுகளில் அச்சாகிறது. ஒருமுறை பயிற்சி வகுப்பில் மேடையில் இருந்தவரே சொன்னார், நான் எழுந்து மறுத்ததில் மதியச் சாப்பாடு வரை யாரும் என்னோடு பேசவில்லை. ஆகவே பொறுமையாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிரை. அது தோலையும் கண்ணையும் பயிரையும் கெடுக்கும் கதிர். நாம் 'வெயில்' என்று சொல்லும் வெளிச்சமும் சூடும் ஓசோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய முழுசாக உள்ளே வந்துகொண்டுதான் இருக்கின்றன. பூமி சூடாவது உள்ளே கூடுதலாக வருவதால் அல்ல, வந்தது வெளியே போகத் தடைப்படுவதால். வெயிலில் காய்ந்த தரை அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை மேலே அனுப்புகிறது. கரியமில வாயு, மீத்தேன், நீராவி அதை உறிஞ்சி, ஒரு பங்கைத் திருப்பிக் கீழே விடுகின்றன. இந்தப் போர்வை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் -18 டிகிரி செல்சியஸ். போர்வை கெட்டதல்ல, தடிமன் ஏறுவதுதான் கெட்டது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

இதைச் சொன்னாலும் பழைய படம் மண்டையை விட்டுப் போகாது. போக்க ஒரே வழி, அவர்கள் படத்தையே நம்பி மேலே நடக்கவிடுவது. "சரி, ஓட்டை எங்கே இருக்கு?" "அண்டார்டிகா மேல மிஸ்." "அப்ப உலகத்துலயே வேகமா சூடாக வேண்டியது எது?" "அண்டார்டிகா." "அளந்து பார்த்தா வேகமா சூடாவது ஆர்க்டிக். நேர் எதிர்முனை." ஒரு நிமிட அமைதி. அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மிஸ், ஓட்டை இருந்தா சூடு அது வழியா வெளியதானே போகணும்? பூமி குளிரணுமே?" அந்தப் பெண்ணுக்கு அன்று கைதட்டச் சொன்னேன். விடை சரியில்லை, யோசித்த விதம் சரி. இன்னொன்று, அது ஓட்டையே இல்லை. அண்டார்டிகாவின் வசந்தத்தில், செப்டம்பர்-அக்டோபர் வாக்கில், ஓசோன் மிகவும் மெலிந்துபோகும் ஒரு பரப்பு. ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் ஆறிவிடும். 'ஓட்டை' என்ற சொல்தான் கூரை, ஒழுகல், உள்ளே வரும் வெயில் என்று எல்லாப் படத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

கெட்டிக்காரப் பிள்ளை அடுத்துக் கேட்கும்: "ஓசோனைக் கெடுத்த குளோரோ ஃப்ளோரோ கார்பன், அதான் பழைய ஃப்ரிட்ஜ்ல இருந்த வாயு, பூமியைச் சூடாக்கும் வாயுவும்தானே?" ஆமாம். ஒரே ஆள் இரண்டு குற்றம் செய்திருக்கிறான், வழக்கு இரண்டும் வேறு வேறு. இந்த இடத்தில் குழம்பினால் பரவாயில்லை, மன்னிக்கலாம்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், ஓசோன் பாடம்தான் இருப்பதிலேயே நம்பிக்கை தரும் பாடம். 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அந்த வாயுவால் ஓசோனுக்கு ஆபத்து என்றார்கள். 1985இல் அண்டார்டிகாவில் அளந்தவர்கள் மெலிந்துவிட்டது என்று காட்டினார்கள். 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். இரண்டே வருடம்! அப்புறம் நாடுகள் அந்த வாயுக்களைப் படிப்படியாக நிறுத்தின, படலம் மெல்ல மீண்டு வருகிறது. அண்டார்டிகாவின் மேல் 1980இல் இருந்த நிலைக்கு 2066 வாக்கில் திரும்பும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. இந்தக் கதையைச் சொல்லாமல், ஓட்டை, வெப்பம், அழிவு என்று மிரட்டிவிட்டு மணி அடித்ததும் போய்விடுகிறோம். "நாங்க பெரியவங்க ஆகும்போது பூமி இருக்குமா மிஸ்?" என்று ஒரு குழந்தை என்னிடம் கேட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பு. தயவுசெய்து அந்த வயதில் பயமுறுத்தாதீர்கள். பயந்த பிள்ளை படிக்காது, மனப்பாடம்தான் செய்யும்.

வளங்கள் பாடத்திலும் இதே கதைதான். 'வளம் என்பது இயற்கை தந்த கொடை' என்று தொடங்கினால் அத்தோடு யோசனை முடிந்தது. பூமிக்கடியில் கிடப்பதெல்லாம் வளமல்ல, எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்தால்தான் வளம். எண்ணெய்க் கிணறுகள் தோண்டத் தொடங்கிய காலத்தில் விளக்கெரிக்க மண்ணெண்ணெய்தான் சரக்கு, பெட்ரோல் வேண்டாத கழிவு. யுரேனியத்தைக் கண்ணாடிக்கு நிறமேற்றப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், 1938இல் அணுப்பிளவு கண்டறியப்படும் வரை.

'வளம் மிக்க நாடு பணக்கார நாடு' என்ற வாக்கியத்தையும் அடித்துவிடுங்கள். உலகின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் எடுக்கப்படுகிறது, அங்கே பெரும்பாலோர் ஏழைகள். எண்ணெயும் தாதுவும் பெரிதாக இல்லாத ஜப்பானை எல்லாருக்கும் தெரியும். நவுரு என்றொரு தீவு நாடு, மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். பாஸ்பேட்டைத் தோண்டி விற்று ஒரு காலத்தில் தலா வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது. பாஸ்பேட் ஏறக்குறைய தீர்ந்தது, பணமும் போனது, தீவின் நடுப்பகுதி பாறைக் கூர்களாக நிற்கிறது. மீளா வளம், வளங்குன்றா வளர்ச்சி என்ற இரண்டு தலைப்பையும் நவுருவை வைத்தே ஒரு பீரியடில் நடத்திவிடலாம்.

தலா வருமானம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கரும்பலகையில் பத்துப் பேரின் மதிப்பெண்ணை எழுதுங்கள்: இரண்டு பேருக்கு 100, எட்டுப் பேருக்கு 20. சராசரி 36. 36 வாங்கிய ஆள் அந்த வகுப்பிலேயே இல்லை. சராசரி எதை மறைக்கும் என்று அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. வருமானம் மட்டும் போதாது என்று ஆயுளையும் கல்வியையும் சேர்த்து 1990இல் மனித வளர்ச்சிக் குறியீடு வந்தது. அதைக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹபூபுல் ஹக். அதுவும் சராசரிகளால் ஆனதுதான் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதையும் வேதமாக்கிவிடுவார்கள்.

இனி என்ன செய்யலாம்? இந்தப் பாடங்களைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது என்பதற்காக 'நீங்களே படிச்சுக்கோங்க' என்று விடப்படும் பாடம் இதுதான். எந்தப் பிரச்சினையை எடுத்தாலும் வரைபடத்தை விரித்துவிட்டுத் தொடங்குங்கள். எங்கே, எவ்வளவு, யார் எடுத்தார்கள், யாருக்குப் போனது, யார் இழந்தார்கள் என்று கேட்டு முடிக்கும் வரை 'தீர்வு' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. 'பல் துலக்கும்போது குழாயை மூடுவோம்' என்று எழுதினால் மதிப்பெண் கொடுங்கள். ஆனால் மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது என்று தெரிந்த பின்னும் அதை மட்டும் எழுதினால் கொடுக்காதீர்கள். பெற்றோரே, 'பிளாஸ்டிக் ஒழிப்போம்' மாதிரியைத் தெர்மோகோலில் செய்து, ஜிகினா ஒட்டி, பாலித்தீன் உறை போட்டு அனுப்பாதீர்கள். நான் வாங்க மாட்டேன் என்று சொல்லியாயிற்று, இருந்தாலும் வருகின்றன.

தேர்வு எழுதிய வகுப்புக்கு இரண்டு நாள் கழித்து ஆரல் கடலைத் திரும்ப நடத்தினேன். பள்ளி நூலகத்தில் 'காலாவதி' என்று கட்டிப் போட்டிருந்த பழைய அட்லஸ் ஒன்று கிடைத்தது. அதில் ஆரல் கடல் முழு நீலமாக இருந்தது. புது அட்லஸைப் பக்கத்தில் வைத்தேன். எதுவும் சொல்லவில்லை. ஒருத்தி பழையதில் ஏரிக்கரையில் இருந்த மொய்னாக் என்ற துறைமுக ஊரின் மேல் விரலை வைத்து, புதியதில் அதே ஊரைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து மிச்சமிருக்கும் நீலத் துண்டு வரை விரலாலேயே அளந்து பார்த்தாள். "இங்க கப்பல் இருந்துச்சா மிஸ்? இப்ப எவ்வளவு தூரம் நடக்கணும்?" அளவுகோலை எடுத்துக் கொடுத்தேன். மீதிப் பேர் அட்லஸுக்கு அடித்துக்கொண்டார்கள், பழைய பிரதி ஒன்றுதான் இருந்தது. உங்கள் பள்ளி அலமாரியில் 1960, 70களின் அட்லஸ் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வகுப்புக்கு நாலு பிரதியாவது வேண்டும்.