பிளேன் உங்கள் வாசலுக்கு வராது

“சார், எம்பசி பிளேன் எப்ப வரும்?” உக்ரைன், சூடான், டாக்கா, காத்மாண்டு என்று இத்தனை பார்த்த பிறகும், கலவரம் வெடித்த நாட்டிலிருந்து பெங்களூர் டிராவல் டெஸ்க்குக்கு வரும் முதல் போனில் இதே கேள்விதான். ஆறு வார வேலைக்குப் போன இன்ஜினீயரும் கேட்கிறார். மருத்துவம் படிக்கப் பையனை அனுப்பிவிட்டு அல்சூரில் உட்கார்ந்திருக்கும் அப்பாவும் கேட்கிறார்.

உக்ரைன் போரில் சிக்கிய இந்தியர்களை மீட்டதை ‘ஆபரேஷன் கங்கா’ என்று பெயர் வைத்து டிவியில் ஓட்டியதால் வந்த வினை இது. 90 விமானங்கள் பறந்ததும் சுமார் 22,500 பேர் திரும்பியதும் உண்மை. ஆனால் அதில் ஒன்றுகூட உக்ரைன் மண்ணிலிருந்து கிளம்பவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்றே வான்வெளியை மூடிவிட்டார்கள். விமானங்கள் ருமேனியா, ஹங்கேரி, போலந்து பக்கம் காத்திருந்தன. எல்லைவரை ரயிலிலும் பஸ்ஸிலும் போய், பலர் கடைசிக் கிலோமீட்டர்களைக் கொட்டும் குளிரில் நடந்துதான் கடந்தார்கள். மார்ச் 2 அன்று, வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது கார்கிவ் நகரை விட்டு வெளியேறுங்கள் என்று தூதரகமே சொன்னது. சூடானிலும் அப்படித்தான்: 2023-ல் பெரும்பாலானோர் தலைநகர் கார்ட்டூமிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போர்ட் சூடான் துறைமுகம் போய், அங்கிருந்து சவூதியின் ஜெட்டா வந்த பிறகுதான் ஊருக்கு விமானம் ஏறினார்கள்.

இன்னொன்று, தூதரக அறிவிப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். உக்ரைனில் பிப்ரவரி 15 அன்று வந்த அறிவிப்பு, தங்குவது அவசியமில்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவதைப் பரிசீலிக்கலாம் என்றது. ‘பரிசீலிக்கலாம்’தானே என்று பலர் இருந்துவிட்டார்கள். ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த நாடு தீப்பிடிக்கப் போகிறது என்று எந்தத் தூதரகமும் எழுதாது. அந்த மொழியில் ‘பரிசீலிக்கலாம்’ என்றால் இன்றைக்கே டிக்கெட் போடு என்று அர்த்தம். அப்போது கையில் ஒன்பது நாள் இருந்தது. ஊர் நிலவரம் மாற அவ்வளவு நாள் ஆகாது என்பதைப் பெங்களூர்த் தமிழருக்கா சொல்ல வேண்டும்? காவிரிக் கலவரம் வெடித்த 2016 செப்டம்பர் 12 காலை டிஎன் நம்பர் வண்டியில் ஆபீஸ் போனவர்களைக் கேளுங்கள்.

‘வெளிநாட்டுக்காரனை யார் தொடப்போறான்’ என்பது அடுத்த மூடநம்பிக்கை. 2024 மே மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் கும்பல் தேடிப்போனதே வெளிநாட்டு மாணவர் விடுதிகளைத்தான். 2025 செப்டம்பர் 9 அன்று காத்மாண்டுவில் நட்சத்திர ஹோட்டலே எரிந்தது. நாடாளுமன்றம், கட்சி அலுவலகம், போலீஸ் ஸ்டேஷன் பக்கம் ரூம் போடாதீர்கள். மூன்றாவது, நான்காவது மாடியில், தெருவைப் பார்க்காத பக்கம் கேளுங்கள். தரைத்தளம் என்றால் கூட்டம் எளிதாக நுழையும்; ரொம்ப உயரம் என்றால் தீயணைப்பு ஏணி எட்டாது. போன் பேச ஜன்னலுக்குப் போகவே போகாதீர்கள். கார்ட்டூமில் ஜன்னலருகே பேசிக்கொண்டிருந்த ஓர் இந்தியர் வழிதவறி வந்த குண்டில் இறந்தார்.

கூட்டத்துக்குள் போய் வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் சொந்த நாட்டு அரசை எதிர்த்து அமீரகத் தெருவில் கூடிய 57 வங்கதேசத்தவருக்குத் தண்டனை விழுந்தது. மூவருக்கு ஆயுள், மற்றவர்களுக்குப் பத்து, பதினோரு ஆண்டுகள். செப்டம்பரில் மன்னிப்புக் கிடைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். உங்கள் கருத்து நியாயமாகவே இருக்கட்டும், விசா உங்களுடையது இல்லை.

இறங்கிய அன்றே இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் எண், தங்கும் முகவரி, உள்ளூர் நம்பர், அவ்வளவுதான். கலவரம் வந்த பிறகு அந்தப் படிவத்தை நிரப்ப நெட் இருக்காது. டாக்காவில் 2024 ஜூலை 18 அன்று போன மொபைல் டேட்டா 28-ஆம் தேதிதான் திரும்பியது. அந்த நாட்களில் போனிலிருந்த டிக்கெட்டைத் திறக்க முடியாது, ஆப்பில் இருக்கும் பணத்தால் ஒரு பிஸ்கட் பாக்கெட் கூட வாங்க முடியாது. எனவே டிக்கெட், விசா, பாஸ்போர்ட் நகல் எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். ஊரடங்கில் ஏர்போர்ட் போகும் வழியில் பல இடங்களில் அந்தக் காகித டிக்கெட்தான் பாஸ். டாலரில் 10, 20 நோட்டுகளாக ஒரு 400 தனியே வையுங்கள். நூறு டாலர் நோட்டுக்கு எந்த டாக்ஸிக்காரரும் சில்லறை தரமாட்டார். பாஸ்போர்ட் ஹோட்டல் லாக்கரில் இல்லை, உடம்போடு. தொலைந்தால் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும், ஆனால் அதற்குத் தூதரகம்வரை நீங்கள் போயாக வேண்டுமே.

கரண்ட் இருக்கும்போதே பக்கெட், பாத்டப் எல்லாம் நிரப்புங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர், குறைந்தது மூன்று நாளுக்கு. கண்ணீர்ப்புகை வாசம் வந்தால் காண்டாக்ட் லென்ஸைக் கழற்றுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள்.

வீட்டிலிருப்பவர்களே, தயவுசெய்து அரை மணிக்கொரு முறை போன் போடாதீர்கள். நீங்கள் தின்பது அந்தப் பிள்ளையின் சார்ஜை. காலை எட்டு, இரவு எட்டு என்று நேரம் வைத்து ஒரு எஸ்எம்எஸ்: எங்கே இருக்கிறான், தண்ணீர் எத்தனை நாளுக்கு, அடுத்து எங்கே போகிறான்.

ஆப்பிரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும், பிறகு ஆயுள் முழுக்க. சூடானிலிருந்து தப்பித்துப் பெங்களூர் வந்து இறங்கியவர்களில் அந்த அட்டை இல்லாதவர்களை வீட்டுக்கு விடவில்லை, நேராகத் தனிமைப்படுத்தக் கூட்டிப்போனார்கள்.