அப்பாவிடம் யார் சொல்வது?

பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று பேச்சுப் பயிற்சி மையத்துக்கு அழைத்து வருவது அநேகமாக அம்மாதான். "அப்பா வரலையா?" என்று கேட்டால், "கம்பெனிக்குப் போயிட்டாருங்க, லீவு போட்டா சம்பளம் போயிரும்" என்பார். சரி என்று அவரிடமே எல்லாவற்றையும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனவர் வெளியே வர இரவு எட்டரை ஆகும். 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதனையும் மாவட்ட மையங்களில் சிகிச்சையும் இலவசம். பெரிய விஷயம்தான். ஆனால் அது கிடைப்பது வார நாளில், பகலில். மத்திய அரசின் ஆண் ஊழியருக்காவது குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. பீஸ் ரேட்டில் தைக்கிற டெய்லருக்கு ஏது?

இப்போது அந்த அம்மாவின் இரவை யோசித்துப் பாருங்கள். ஆட்டிசமாக இருக்கலாம் என்பதை நாம் அரை மணி நேரம் உட்கார வைத்து, பிள்ளையின் விளையாட்டைக் காட்டிக் காட்டி விளக்கியிருப்போம். அதையே அவர், களைத்து வந்து சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். "நானே நாலு வயசுலதான் பேசினேனாம், எங்கம்மா சொல்லும்" என்பார் கணவர். "செல்போனைக் கையில குடுத்து வளர்த்தா இப்படித்தான்" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் வரும். செய்தி கொண்டுபோனவர் மேலேயே பழி. அடுத்த வாரம் ஃபைலில் 'தந்தை ஒத்துழைப்பு இல்லை' என்று ஒரு வரி ஏறும். நேரடியாக யாரும் எதுவும் சொல்லாத மனிதரைப் பற்றி எப்படி அப்படி எழுத முடிகிறது?

நான் அப்பாவை டீ டைமில் போனில் கூப்பிடுவேன். மெஷின்கள் நிற்கிற அந்தப் பத்து நிமிடம் போதும். எடுத்ததுமே விளக்கம் சொல்வதில்லை, "பையன் உங்ககிட்ட எப்படி இருக்கான்?" என்று கேட்பேன். சிங்கர் மெஷினில் தைக்கிற ஒரு டெய்லர் சொன்னார்: "பேர் சொன்னா திரும்ப மாட்டான் மேடம். ஆனா என் வண்டிச் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடி வந்துருவான்." அம்மா வாயிலிருந்து வராத தகவல் இது. (வண்டிச் சத்தம் கேட்கிறது என்பதற்காகக் காது பரிசோதனையைத் தள்ளிப்போடவில்லை, அது தனி.) அந்த வண்டியையே அவருக்கு வேலையாகக் கொடுத்தேன். ஸ்டாண்டு போட்ட வண்டியில் பையனை உட்கார வைத்து, சாவியைக் காட்டிவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் காத்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தாலும் சரி, கையை இழுத்தாலும் சரி, ஒரு சத்தம் போட்டாலும் சரி, உடனே "போ!" என்று சொல்லி ஸ்டார்ட் பண்ண வேண்டும். பேச்சுப் பயிற்சியில் இது அடிப்படைப் பாடம். வீட்டில் இதை அவரைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை.

அப்பாக்களுக்கென்று தனியாகக் கூட்டம் போடுபவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: குடியைப் பற்றிய பிரசங்கமாக அதை ஆக்கிவிடாதீர்கள். குடிக்காதவரும் மறுபடி வர மாட்டார். பிள்ளையைப் பற்றிப் பேசத்தானே கூப்பிட்டோம்?

எல்லா வீட்டுக்கும் இப்படிப் போன் போட்டுவிடக் கூடாது. முதலில் அம்மாவிடம் தனியாக, மாமியாரும் பக்கத்தில் இல்லாதபோது, "அவர்கிட்ட நான் பேசினா வீட்டுல உங்களுக்குப் பிரச்சினை வருமா?" என்று கேட்டாக வேண்டும். பதில் வர நேரமானால் அவசரப்படுத்தாதீர்கள். அடி, மிரட்டல் இருக்கிற வீடு என்றால் அப்பாவை உள்ளே இழுப்பது நம் வேலையில்லை. அந்த அம்மாவுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு உண்டு என்பதையும் சொல்லிக்கொடுப்பதுதான் அப்போது முதல் வேலை.

சில வீடுகளில் அப்பா வெளிநாட்டில் இருப்பார், அல்லது இருக்கவே மாட்டார். அந்த வீடுகளில் தாய்மாமனோ தாத்தாவோதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். பதிவுப் படிவத்தில் அவர்களுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. நான் ஓரத்தில் பேனாவால் எழுதி வைக்கிறேன்: மாமா, போன் நம்பர், டீ டைம் எத்தனை மணிக்கு.