ஜேம்ஸ் ஆற்றில் கயாக் இறக்கும் முன்

கோடை வந்துவிட்டால் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ரிச்மண்ட் நகரை ஒட்டிய ஷார்ட் பம்ப், கிளென் ஆலன் பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் காற்றடிக்கும் கயாக் படகைக் காரில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுகின்றன. ரிச்மண்டில் ஆற்று மீட்புப் பயிற்சி கொடுக்கும் எனக்கு அதில் சந்தோஷம்தான். ஏழு மைலுக்குள் ஏறக்குறைய 105 அடி இறங்கும் ஜேம்ஸ் ஆறு, நகரத்தின் நடுவிலேயே மூன்றாம், நான்காம் தரப் பாய்ச்சல்களைக் கொண்டது (பாய்ச்சல் என்பது பாறைகளுக்கிடையே சீறி ஓடும் பகுதி; தரம் ஏற ஏற ஆபத்தும் ஏறும்). இப்படி ஓர் ஆறு வாய்த்த நகரங்கள் குறைவு.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது பெல் தீவை ஒட்டிய ஹாலிவுட் பாய்ச்சலைப் பற்றி. அதன் இரைச்சலைக் கேட்டாலே வயிறு கலங்கும், உண்மைதான். ஆனால் எனக்குப் பயம் அதற்கு மேலே, ஆறு ஏரி மாதிரி அமைதியாகக் கிடக்கும் இடத்தில் இருக்கும் தடுப்பணைகள் மேல். 2022 மே இறுதியில் ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்த நேரத்தில் 12 பேர் கொண்ட குழு அப்படி ஒரு தடுப்பணையான பாஷர் அணையைத் தாண்டி விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள்.

மேலேயிருந்து வருகிறவர் கண்ணுக்கு அணை தெரியாது. ஆற்றின் குறுக்கே ஒரு நேர்கோடு, அதற்கப்பால் மரங்களின் தலை, அவ்வளவுதான். விழுந்த தண்ணீர் அடிவரை போய் மேலெழும்பி, மேற்பரப்பில் திரும்பவும் அணையை நோக்கியே ஓடுகிறது. பயிற்சியின்போது கரையில் நின்று காட்டுவேன்: அணையடியில் சிக்கிய ஒரு மரக்கட்டை சுவரில் மோதும், அமிழும், சில அடி தள்ளி எழும்பும், மறுபடி சுவருக்கே போகும். மணிக்கணக்கில் அதே சுற்று. மனிதரையும் அந்தத் தண்ணீர் அப்படித்தான் சுழற்றும். நுரையில் பாதி காற்று என்பதால் லைஃப் ஜாக்கெட்கூட முழுதாகத் தூக்காது. இயற்கையான பாறைச் சுழலில் பக்கவாட்டில் வெளியேற ஏதாவது வழி இருக்கும். கரைக்குக் கரை ஒரே சீராகக் கட்டிய அணையில் அதுவும் இல்லை. தமிழ்நாட்டுத் தடுப்பணைகளில் வெள்ளம் வழியும்போதும் இதேதான் நடக்கிறது.

ஆகவே எங்கே இறங்குவது என்பதைவிட எங்கே கரையேறுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ரோபியஸ் லேண்டிங் என்ற படகுத்துறையைத் தவறவிட்டால் கீழே பாஷர் அணை. ஹ்யூகனாட் பாலத்தடியில் இறங்கினால் வழியில் இசட் அணை என்ற இன்னொரு தடுப்பணை; புதியவர்கள் கயாக்கைத் தூக்கிக்கொண்டு கரைவழியே சுற்றிப் போங்கள்.

ஆற்றின் நீர்மட்டத்தைக் காட்டும் வெஸ்ட்ஹாம் அளவுகோலைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். 5 அடிக்கு மேல் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். 9 அடிக்கு மேல் அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்கக் கூடாது. (குழந்தைகளுக்கு எந்த அளவிலும் ஜாக்கெட் போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.) இங்கே வெயில் அடிக்கிறதே என்று நம்பாதீர்கள். ஆற்றின் மேல்பகுதியில், லிஞ்ச்பர்க் பக்கம் பெய்த மழை ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் இங்கே வந்து சேரும். பெருமழைக்குப் பிறகு கழிவுநீரும் ஆற்றில் கலப்பதால் இரண்டு மூன்று நாள் பொறுப்பது நல்லது.

கவிழ்ந்துவிட்டால் எழுந்து நிற்காதீர்கள். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று காலை ஊன்றுவார்கள். பாறையிடுக்கிலோ பழைய கட்டுமான இரும்பிலோ பாதம் மாட்டும்; பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் ஆளைக் குப்புறச் சாய்த்து அமுக்கிவிடும். மல்லாந்து படுங்கள், கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே, முன்னோக்கி இருக்கட்டும். முழங்காலுக்குக் கீழே ஆழம் குறைந்தபின் எழுந்தால் போதும். துடுப்புப் பலகையில் (பேடில்போர்டு) போகிறவர்கள் பலகையோடு பிணைக்கும் கயிற்றைக் கணுக்காலில் கட்டவே கூடாது. மரக்கிளையில் கயிறு சிக்கினால் குனிந்து அவிழ்க்க ஓடும் தண்ணீர் விடாது. இடுப்பில் அணிந்து ஒரே இழுப்பில் கழற்றும் வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

உங்களோடு வந்தவர் அணையடியில் மாட்டிக்கொண்டால் பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் அதே சுழலில் சிக்குவார். கரையில் நின்று கயிறு வீசுங்கள். ஒருவர் உடனே 911-ஐ அழைக்கட்டும். அழைப்பவர் "ஆற்றில்" என்று மட்டும் சொன்னால் வண்டி எந்தக் கரைக்கு வரும்? எந்த அணை, எந்தப் பாலத்துக்குப் பக்கம், வடகரையா தென்கரையா என்று சொல்லத் தெரிந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.