யன்னலைத் திறந்துவிட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள்

"தம்பி, காபன் மொனொக்சைட் அலாம் அடிச்சது. யன்னலைத் திறந்துவிட்டன், நிண்டிட்டுது. அலாம் பழுது போல. நாளைக்கு ஆறுதலா வந்து பாருங்கோ."

ரொறன்ரோவில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸும் தண்ணீர் ஹீட்டரும் திருத்துகிற என்னைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் இந்தப் போன் வரும். காபன் மொனொக்சைட் என்பது காஸ் போன்றவை எரியும்போது புகையோடு வரக்கூடிய நச்சு வாயு. கடைசியாக வந்தது ஸ்காபரோவிலிருந்து. மேலே வீட்டுக்காரர் குடும்பம், பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இரண்டு மாணவர்கள். வீட்டுக்காரர் யன்னலைத் திறந்தார், சத்தம் நின்றது. அப்புறம் குளிருக்கு யன்னலைச் சாத்தி, அலாமின் பற்றரியையும் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். கீழே இருந்த பெடியன்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடியும்போது இருவருக்கும் தலையிடி, சத்தி, எழுந்து நிற்க முடியாத மயக்கம். நல்லகாலம், ஒருவன் 911க்கு அடித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

யன்னலைத் திறந்ததும் சத்தம் ஏன் நின்றது? இதை எத்தனை தரம் சொன்னாலும் ஒருவரும் கேட்பதாக இல்லை, அதனால் எழுதியே விடுகிறேன். அந்த வீட்டில் ஃபேர்னஸ் புதிது. அது சுவர் வழியாகப் போகும் பிளாஸ்டிக் குழாயில் புகையை வெளியே தள்ளிவிடும். ஆனால் பழைய தண்ணீர் ஹீட்டரை மாற்றவில்லை. முன்பு இரண்டும் சேர்ந்து பாவித்த பெரிய புகைபோக்கியில் இப்போது அது மட்டும் தனியாக எரிகிறது. அந்தச் சின்னச் சூட்டுக்கு அவ்வளவு பெரிய புகைபோக்கி சூடாகாது. குளிர்ந்த புகைபோக்கி புகையை மேலே இழுக்காது. இதற்குள் எங்கள் சமையல். கறித்தாளிதம் மணக்கக்கூடாது என்று அடுப்புக்கு மேலே பெரிய எக்ஸோஸ்ட் ஃபேன் பூட்டியிருக்கிறோம். அது ஓட, உடுப்புக் காயவைக்கும் மெசினும் ஓட, யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டியிருக்க, வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக வீட்டுக்குள் காற்று எங்கிருந்து வரும்? புகைபோக்கி வழியாகத்தான். ஹீட்டரின் புகை கீழே திரும்புகிறது.

இப்போது யன்னலைத் திறக்கிறீர்கள். காற்றுக்கு வேறு வழி கிடைத்துவிட்டது, புகை ஒழுங்காக மேலே போகிறது, அலாம் அடங்குகிறது. அலாம் பழுதில்லை. நீங்கள் திறந்த யன்னல்தான் பழுதை மறைத்தது. குளிருக்கு யன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், இந்த முறை நீங்கள் நித்திரையில் இருப்பீர்கள்.

"மணமே இல்லையே தம்பி" என்பது அடுத்தது. சமையல் காஸுக்கு மணம் சேர்த்து அனுப்புகிறார்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

அந்த அலாம் சும்மா பதறுகிற சாமானும் அல்ல. காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் பொறுத்துத்தான் அடிக்கும், நான்கு மணித்தியாலம்கூட ஆகலாம். 400 பங்கு என்றால் நான்கு முதல் பதினைந்து நிமிடத்துக்குள். அது வாய் திறக்கும்போது நீங்கள் ஏற்கெனவே சுவாசித்துவிட்டீர்கள்.

நான்கு பீப், இடைவெளி, திரும்ப நான்கு பீப் என்றால் வெளியே போங்கள். எல்லோரும், பேஸ்மென்ற்றில் இருப்பவர்களும், நாயும் பூனையும். ஒவ்வொரு யன்னலாகத் திறந்துகொண்டு திரியாதீர்கள். வெளியே நின்று தலையை எண்ணுங்கள், பிறகு 911. ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் 'தமிழ்' என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். குளிர் என்றால் பக்கத்து வீட்டில் இருங்கள். கராஜுக்குள் நிற்கிற காரை ஸ்டார்ட் செய்துவிட்டு அதற்குள் போய் இருக்காதீர்கள், அப்படிச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தீயணைப்புப் படை அளந்து பார்த்து, போகலாம் என்று சொன்ன பிறகுதான் உள்ளே. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுங்கள்.

இரத்தத்தில் ஒட்சிசன் அளக்கவென்று கொவிட் நேரம் வாங்கிய விரல் கருவியை மாட்டி "98 காட்டுது, பிரச்சினை இல்லை" என்றும் ஒருவர் சொன்னார். அந்தக் கருவிக்கு இரத்தத்தில் ஒட்டியிருப்பது ஒட்சிசனா காபன் மொனொக்சைட்டா என்று பிரித்தறியத் தெரியாது. காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடியும் ஓங்காளமும் வந்து, வெளியே போனால் குறைகிறதா? அலாம் அடிக்காவிட்டாலும் வெளிக்கிடுங்கள்.

911க்கு ஏன் அடிக்கவில்லை என்று நான் கேட்டால் பல வீட்டுக்காரர் நிலத்தைப் பார்ப்பார்கள். பேஸ்மென்ற் பதிவில்லாதது, தீயணைப்புக்காரர் வந்தால் வில்லங்கம். ஐயா, அபராதம் கட்டலாம். கீழே படுத்திருப்பவன் யாரோ ஒரு தாயின் பிள்ளை.

ஒன்ராறியோவில் இதற்குச் சட்டம் வந்ததே ஒரு குடும்பத்தின் சாவால்தான். 2008 டிசம்பரில் வூட்ஸ்டொக்கில் காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு பொலிஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். வீட்டில் அலாம் இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் நினைவாகப் பெயரிட்ட ஹோக்கின்ஸ் கின்யாக் சட்டம் 2013இல் நிறைவேறியது. படுக்கையறைக்குப் பக்கத்தில் ஒன்று என்று தொடங்கிய விதி, காஸ் சாமானோ ஒட்டிய கராஜோ உள்ள வீட்டில் 2026 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தளத்திலும் ஒன்று என்றாகிவிட்டது. பேஸ்மென்ற்றும் ஒரு தளம்தான்.

இடைக்கிடை ஒரே ஒரு கீச் என்றால் பற்றரி, அல்லது அலாமின் ஆயுள் முடிந்திருக்கும். பின்பக்கம் திகதி இருக்கும். 7 முதல் 10 வருடத்தில் முழுதாக மாற்ற வேண்டும்.

திருத்த வருபவரிடம் லைசென்ஸ் கேளுங்கள். யன்னலையெல்லாம் சாத்தி, எக்ஸோஸ்ட் ஃபேனையும் மெசினையும் ஓடவிட்டு, சுடுதண்ணீரையும் திறந்துவிட்டுத்தான் ஹீட்டரின் புகைவாயில் அவர் காபன் மொனொக்சைட் அளக்கும் மீற்றரைப் பிடிக்க வேண்டும். திறந்த யன்னலுக்குப் பக்கத்தில் நின்று "பூச்சியம்" என்று சொன்னால் காசு கொடுக்காதீர்கள். ஆபத்து, பாவிக்கக்கூடாது என்று சிவப்பு டாக் ஒட்டி காஸை மூடிவிட்டுப் போனால், தயவுசெய்து அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.