சிக்னல் குறைந்தால் செல்போன் கத்தும்

“கட்டடத்தின் அடித்தளத்தில் நின்று அரை மணி நேரம் போனில் பேசினேன். காதும் கன்னமும் சுட்டுவிட்டன. உள்ளே மூளையும் இப்படித்தான் வேகிறதா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வேகவில்லை. ஆனால் எங்கே நின்று பேசினோம் என்பதை மறக்காமல் எழுதியிருக்கிறாரே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ‘கதிர்வீச்சு’ என்ற பூச்சாண்டி. எக்ஸ் கதிரும் கதிர்வீச்சுதான், நிலா வெளிச்சமும் கதிர்வீச்சுதான். அதிர்வெண் கூடக்கூட ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது அலையின் ஆற்றல் பொட்டலமும், சுமந்துவரும் ஆற்றல் கூடும் என்று பள்ளியில் படித்திருப்போம். டி.என்.ஏ.வில் ஒரு வேதிப்பிணைப்பை முறிக்கச் சில எலெக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றல்களை அளக்கும் அலகு) வேண்டும். 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஃபோட்டானிடம் இருப்பதோ 0.000008 எலெக்ட்ரான் வோல்ட். உடல் சூட்டில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஓயாமல் இடித்துக்கொண்டிருக்கின்றனவே, அந்த மோதலின் ஆற்றலே சுமார் 0.027 எலெக்ட்ரான் வோல்ட். ஃபோட்டானைப் போல 3,000 மடங்குக்கும் மேல். கோடிக்கணக்கில் வந்தால்? உயரக் கிளையில் இருக்கும் பழத்தைப் பறிக்க ஆயிரம் குழந்தைகள் தனித்தனியாக எம்பிக் குதித்தாலும் பழம் கிளையில்தான் இருக்கும்.

மிஞ்சுவது சூடு. அலையின் மின்புலம் திசை மாறும்போதெல்லாம் நீர் மூலக்கூறுகளும் கூடவே திரும்பப் பார்த்து, பக்கத்தில் இருப்பவற்றோடு முட்டி மோதுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பின் தத்துவமும் இதுதான். ஆனால் அடுப்பு, 1,000 வாட் அளவிலான சக்தியை உலோகப் பெட்டிக்குள் அடைத்து வைக்கிறது. 4ஜி போன் உச்சத்தில் வெளிவிடுவது சுமார் 0.2 வாட். அதிலும் ஒரு பகுதிதான் தலைக்குள் போகிறது. அந்தச் சூட்டை ரத்த ஓட்டம் அள்ளிக்கொண்டு போய்விடும். வாசகியின் கன்னத்தைச் சுட்டது பெரும்பாலும் பேட்டரியும் சில்லும் கக்கிய சூடு. போதாததற்குக் கண்ணாடித் தகடு தோலின்மேல் காற்றுப் படாமல் மூடிக்கொண்டது.

அது ஏன் அடித்தளத்தில் மட்டும் அவ்வளவு சுட வேண்டும்? எனக்கு அலுக்காத கதை இது.

3ஜி அமைப்பை வடிவமைத்தவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. எல்லா போன்களும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசும். டவருக்குப் பக்கத்தில் இருக்கும் போன் முழுச் சக்தியோடு பேசினால், தொலைவில் இருக்கும் போனின் குரல் அதில் மூழ்கிவிடும். ஆகவே டவர் ஒவ்வொரு போனுக்கும் ‘கூட்டு, குறை’ என்று உத்தரவிட்டுக்கொண்டே இருக்கும். நொடிக்கு 1,500 முறை! நீங்கள் தலையைத் திருப்பினால் ஒரு மாற்றம், தூணுக்குப் பின்னால் நகர்ந்தால் இன்னொரு மாற்றம். 4ஜியில் வழிமுறை சற்று வேறு. போன் தானும் டவரின் பலத்தை அளந்து கணக்குப் போடுகிறது. அதன் உச்ச சக்தி 200 மில்லிவாட், மிகக் குறைந்த சக்தி ஒரு மைக்ரோவாட்டில் பத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையே 20 லட்சம் மடங்கு! சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் போன் கிசுகிசுக்கிறது; கான்கிரீட்டுக்கு அடியில் தொண்டை கிழியக் கத்துகிறது. கத்தும்போது உள்ளே சிக்னலுக்குப் பலம் கூட்டும் பெருக்கியும் சூடாகும்.

டவர் வேண்டாம் என்று போராடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம். டவரின் அலை, தூரம் இரட்டித்தால் கால்வாசியாகிவிடும். போனோ கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டவரைத் தள்ளி வைத்தால் அந்தப் போன்தான் இன்னும் உரக்கக் கத்தும்.

‘உலக சுகாதார நிறுவனமே எச்சரித்ததே’ என்பார்கள். அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இந்த அலைகளை ‘2பி’ பட்டியலில் சேர்த்தது உண்மைதான். சான்று போதவில்லை, ஆனாலும் கதவை மூடிவிட முடியாது என்பது அந்தப் பட்டியலின் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதில் இருக்கிறது. அப்போது கையில் இருந்த ஆய்வுகள் பலவும் நோயாளிகளின் நினைவை நம்பியவை. 13 நாடுகளில் நடந்த இன்டர்ஃபோன் ஆய்வில், நாள்தோறும் 5 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களும் உண்டு. மூளையில் கட்டி வந்தவர், எந்தக் காதில் வைத்துப் பேசினோம் என்று யோசிக்கும்போது கட்டி இருக்கும் பக்கத்தைத்தான் சொல்லத் தோன்றும்.

2007இல் தொடங்கிய காஸ்மாஸ் ஆய்வு அந்தத் தவற்றைத் தவிர்த்தது. ஐரோப்பாவில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஆரோக்கியமாக இருக்கும்போதே சேர்த்துக்கொண்டு, பேசிய நேரத்தைத் தொலைபேசி நிறுவனங்களின் பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பின்தொடர்ந்தது. அதிகம் பேசியவர்களுக்கு மூளைக்கட்டி அதிகம் வரவில்லை என்று 2024இல் முடிவு வெளியானது. இப்படிப்பட்ட நிதானமான ஆய்வுகளுக்குப் பணம் திரட்டுவதற்குள் உயிர் போய்விடுகிறது. மூன்றே ஆண்டில் முடிவு கேட்கும் நிதிக்குழுக்களின்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. இன்னும் முப்பது ஆண்டு பேசினால் என்ன ஆகும் என்பதையும் இப்படித் தொடர்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

பயத்தை விற்பவர்களுக்கு மட்டும் பணம் தட்டுவதில்லை. கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் என்று ஒன்று விற்கிறார்கள். அது ஆன்டெனாவை உண்மையிலேயே மறைத்தால் என்ன நடக்கும்? சிக்னல் குறைந்துவிட்டது என்று நினைத்து போன் சக்தியைக் கூட்டும். ஒட்டியவர் அடித்தளத்தைக் கையோடு தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்று பொருள்.

5ஜியிலிருந்து காப்பாற்றும் பதக்கங்களின் கதை இன்னும் மோசம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், அப்படி விற்கப்பட்ட பதக்கம், கண்பட்டை, குழந்தைகளுக்கான கைவளை உட்பட 10 பொருட்களில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டது. அவை உமிழ்ந்தது பிணைப்பை முறிக்க வல்ல அசல் அயனியாக்கும் கதிர்வீச்சு. அணிந்திருப்பவர்கள் உடனே கழற்றிப் பத்திரமாக ஒதுக்கி வைக்க வேண்டும், திருப்பித் தரும் முறை பின்னர் தெரிவிக்கப்படும் என்று ஆணையம் அறிவித்தது.