யூரோவிலா ரூபாயிலா என்று மெஷின் கேட்டால்

பாரிஸிலோ ரோமிலோ ஓர் ஏடிஎம்மில் இந்திய கார்டைச் செருகி 200 யூரோ கேட்கிறீர்கள். பின் நம்பர் போட்டதும் பணம் வருவதில்லை. முதலில் ஒரு திரை வருகிறது: “உங்கள் கணக்கிலிருந்து இத்தனை ரூபாய் எடுக்கப்படும், சம்மதமா?” யூரோவில் குழம்பிக்கொண்டிருப்பவருக்கு ரூபாயில் ஒரு தொகையைப் பார்த்ததும் நிம்மதியாக இருக்கும். கை தானாகப் பச்சைப் பட்டனுக்குப் போகும். வெளிநாட்டுப் பயணிகளின் ஸ்டேட்மென்ட்டுகளை வரிவரியாகப் பார்க்கும் வேலையில் எங்கள் கண்ணில் திரும்பத் திரும்பப் படும் நஷ்டம் இதுதான். இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இதிலிருந்து தொடங்குகிறோம்.

துறையில் இதை டிசிசி (டைனமிக் கரன்சி கன்வர்ஷன்) என்பார்கள். வழக்கமாக யூரோவை ரூபாயாக மாற்றிக் கணக்கிடுவது உங்கள் கார்டைக் கொடுத்த வங்கியும் விசா அல்லது மாஸ்டர்கார்டும். டிசிசிக்குச் சம்மதித்தால் அந்த வேலையை ஏடிஎம்மை நடத்தும் நிறுவனமோ, கடையில் கார்டு மெஷினைக் கொடுத்திருக்கும் நிறுவனமோ செய்துவிடும். மாற்று விகிதத்தையும் அவர்களே வைப்பார்கள். லாபத்தில் கடைக்காரருக்கும் பங்கு போவது சகஜம்.

கணக்குக்கு எளிதாக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டிசிசியை மறுத்து யூரோவிலேயே எடுத்தால் 200 யூரோவுக்கு 20,000 ரூபாய். வங்கி நாணய மாற்றுக்கு 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம் (மார்க்-அப்) போட்டால் 700, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126, மொத்தம் 20,826. டிசிசியில் 10 சதவீதம் ஏற்றிவைத்திருந்தால் 22,000. ரூபாயில் வந்தாலும் அது வெளிநாட்டுப் பரிவர்த்தனைதான் என்று சொல்லி அதன் மேலும் ஒரு கட்டணம் போடும் இந்திய வங்கிகள் பல உண்டு.

வெளிநாட்டு நாணயத்தை முன்பே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அடி இன்னும் பலமானது. கார்டில் யூரோ இருக்கிறது, செலவும் யூரோவில்தான், மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் திரையில் ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், மெஷின் 22,000 ரூபாய் கேட்கும். கார்டில் ரூபாய் கிடையாது. ஆகவே வங்கி அந்த ரூபாயைத் திரும்ப யூரோவாக்கி 220 என்று கணக்கிட்டு, வேறு நாணயத்தில் செலவு செய்ததற்கான கட்டணமாக 3.5 சதவீதத்தையும் சேர்க்கும். கையில் வந்தது 200, கார்டிலிருந்து போனது 227 யூரோ 70 சென்ட்.

எனவே எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம் திரையில் ‘மாற்றத்தை ஏற்கிறேன்’, ‘மாற்றம் இல்லாமல் தொடர்க’ என்று இரண்டு வழி இருக்கும். இரண்டாவதை அழுத்தினால் பரிவர்த்தனை ரத்தாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ரத்தாகாது, பணம் வரும். சில மெஷின்கள் ‘உங்கள் வங்கியின் விகிதத்துக்கு நாங்கள் உத்தரவாதம் தர முடியாது’ என்று எச்சரித்துவிட்டு இன்னொரு முறை கேட்கும். அப்போதும் மறுத்துவிடுங்கள்.

கடையில் கார்டைத் தேய்க்கும்போது இதே கேள்வி சின்னத் திரையில் வரும். அவசரத்தில் கல்லாவில் இருப்பவரே உங்களுக்காக ரூபாயை அழுத்திவிடுவதும் உண்டு. அந்த உரிமை அவருக்கு இல்லை. தேர்வு கார்டுக்காரருடையது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதி. பில் சீட்டில் ரூபாய்த் தொகை அச்சாகியிருந்தால் கடையை விட்டு வெளியே வராதீர்கள். “ஸ்டோர்னோ” (ரத்து) என்று கேளுங்கள். ஜெர்மனி, இத்தாலி, செக் நாடு எங்கும் புரியும். பழைய பில்லை ரத்து செய்துவிட்டு அந்த நாட்டு நாணயத்தில் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஓட்டலுக்குத் திரும்பிய பிறகு இதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

எந்த ஏடிஎம்

சுற்றுலாத் தலங்களில், நினைவுப்பொருள் கடைகளின் வாசலில், விமான நிலையத்தில் பெட்டி வெளியே வந்ததும் எதிரில் நிற்கும் தனி மெஷின்கள் பெரும்பாலும் எந்த வங்கியையும் சேர்ந்தவை அல்ல. டிசிசியை அழுத்தமாகத் தள்ளுவதும், பெரிய தொகைகளை மட்டும் முதல் பக்கத்தில் காட்டுவதும் இவைதான். வங்கிக் கிளையின் சுவரில் பதித்த ஏடிஎம்மைத் தேடிப் போங்கள். ஜெர்மனியில் ஷ்பார்காஸே, நெதர்லாந்தில் வங்கிகள் சேர்ந்து நடத்தும் மஞ்சள் நிற கெல்ட்மாட், போர்ச்சுகலில் மல்டிபாங்கோ. கிளை திறந்திருக்கும் நேரத்தில் எடுத்தால் இன்னும் நல்லது: கார்டு சிக்கினால் உள்ளே போய்ச் சொல்ல ஆள் இருப்பார். வங்கி ஏடிஎம்மிலும் வெளிநாட்டுக் கார்டுக்குக் கட்டணம் போடலாம். பணம் தரும் முன் திரையில் அதைச் சொல்லிவிடும். அதிகமாகப் பட்டால் ரத்து செய்து அடுத்த வங்கிக்குப் போகலாம்.

ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு என்பதால், 50, 50 ஆக நான்கு முறை எடுப்பதைவிட 200 ஆக ஒரே முறை எடுப்பது மேல். ஆனால் 200 என்று கேட்டால் நான்கு ஐம்பது யூரோ தாள்கள் வரலாம். பேக்கரியில் இரண்டு யூரோ ரொட்டிக்கு அதை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். 190 என்று கேளுங்கள், இருபது யூரோ தாள்களும் சேர்ந்து வரும். 500 யூரோ தாளை அச்சிட்டு வெளியிடுவது 2019இல் நின்றுவிட்டது. செல்லும் என்றாலும் பல கடைகள் வாங்குவதில்லை; 200க்கும் பல இடங்களில் அதே கதி. ஊரில் மணி சேஞ்சரிடம் வாங்கும்போதே 5, 10, 20 யூரோ தாள்களாகக் கேட்டு வாங்குங்கள்.

கிரெடிட் கார்டில் பணம் எடுக்க வேண்டாம். கேஷ் அட்வான்ஸ் கட்டணம் தனி, எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். பணம் எடுக்க டெபிட் அல்லது ஃபாரெக்ஸ் கார்டு. ஓட்டல், வாடகைக் காருக்கு கிரெடிட் கார்டு. இந்தப் பிரிவினையைக் குழப்பாமல் இருந்தால் பாதித் தொல்லை இல்லை.

நாட்டுக்கு நாடு

யூரோ எல்லா இடத்திலும் ஓடாது. குரோஷியா 2023 ஜனவரியிலும் பல்கேரியா 2026 ஜனவரியிலும் யூரோவுக்கு மாறிவிட்டன. சுவிட்சர்லாந்து, பிரிட்டன், செக், ஹங்கேரி, போலந்து, டென்மார்க், சுவீடன், நார்வே, ருமேனியா ஆகியவை தங்கள் நாணயத்திலேயே இருக்கின்றன. சுவிஸ் கடைகளில் யூரோ தாளை வாங்கிக்கொண்டு மீதியை ஃபிராங்கில் தருவார்கள், அவர்கள் வைத்த விகிதத்தில். கார்டையே கொடுத்துவிடுவது உத்தமம். கார்டில் யூரோ மட்டும் ஏற்றியிருந்தால் ஃபிராங்க் செலவுக்கெல்லாம் மாற்றுக் கட்டணம் விழும். சுவிட்சர்லாந்தில் நான்கு நாள் தங்குகிறவர் பலநாணயக் கார்டில் ஃபிராங்கைத் தனியாக ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பணமா கார்டா என்பதிலும் ஐரோப்பா ஒரே மாதிரி இல்லை. ஸ்டாக்ஹோமில் பணத்தையே தொடாமல் ஒரு வாரம் ஓட்டலாம். பணம் வாங்க மாட்டோம் என்ற அறிவிப்பு அங்கே சாதாரணம். நெதர்லாந்திலும் ‘பின் மட்டும்’ என்று எழுதிய கடைகள் உண்டு, அதாவது கார்டு மட்டும். ஜெர்மனியில் நிலைமை தலைகீழ்: சிறு உணவகம், பேக்கரி, சந்தைக் கடை என்று ‘நூர் பார்’ பலகை வைத்த இடங்கள் இன்றும் இருக்கின்றன, பணம் மட்டும் என்று அர்த்தம். கார்டு வாங்குவோம் என்று சொல்லும் சில ஜெர்மன் கடைகளும் அந்நாட்டின் உள்நாட்டு டெபிட் கார்டான ஜிரோகார்டை மட்டுமே வாங்கும். சாப்பிட உட்காரும் முன் உங்கள் கார்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். இத்தாலியில் கார்டை மறுக்கும் வணிகருக்கு 2022 ஜூன் 30 முதல் 30 யூரோவும், தொகையில் 4 சதவீதமும் அபராதம். ஆனாலும் ‘மெஷின் வேலை செய்யவில்லை’ என்ற பதில் வரத்தான் செய்யும். அங்கே விடுதியில் ஆளுக்கு, இரவுக்கு என்று கட்ட வேண்டிய நகர வரியைச் சிறிய விடுதிகள் பணமாகக் கேட்பதுண்டு.

பொதுக் கழிப்பறைக்கு அரை யூரோ முதல் ஒரு யூரோ வரை, சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிக்கு ஒரு காசு என்று சில்லறைத் தேவை எங்கும் உண்டு. ஐந்தாறு காசுகளைத் தனியாகப் போட்டு வையுங்கள். வயதான பெற்றோருடன் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எண்களைப் படிப்பதிலும் ஒரு கண் இருக்கட்டும். ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயினில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது. 12,50 என்றால் பன்னிரண்டரை.

தட்டினால் போதும் என்கிற இடங்கள்

கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டிச் செலுத்தும்போது யூரோ நாடுகள் பெரும்பாலானவற்றில் 50 யூரோ வரை பின் கேட்காது, பிரிட்டனில் வழக்கமாக 100 பவுண்ட், சுவிட்சர்லாந்தில் 80 ஃபிராங்க். அதற்கு மேல் பின் வேண்டும். ஊரில் ஓடிபியிலேயே பழகியவர்கள் கிரெடிட் கார்டின் பின்னை மறந்தே போயிருப்பார்கள். கிளம்பும் முன் புதிதாக அமைத்து, இங்கேயே ஒரு கடையில் கார்டைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

லண்டன், மிலான், பிரஸ்ஸல்ஸ் போன்ற நகரங்களிலும் நெதர்லாந்து முழுவதிலும் டிக்கெட் எடுக்காமல் வங்கிக் கார்டையே தட்டி ஏறலாம். ஆளுக்கு ஒரு கார்டு என்பதை மறக்க வேண்டாம். கணவனும் மனைவியும் ஒரே கார்டை மாற்றி மாற்றித் தட்ட முடியாது. இறங்கும்போதும் தட்ட வேண்டிய ஊர்களில், ஏறத் தட்டிய அதே கார்டைத்தான் தட்ட வேண்டும். மறந்தால் கூடுதலாகக் கழித்துவிடுவார்கள்.

ஐஃபல் கோபுரத்தில் 2024 பிப்ரவரியில் யுபிஐ தொடங்கியதைப் படித்துவிட்டு, கைபேசியே போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். யுபிஐ செல்லுபடியாகும் இடங்கள் ஐரோப்பாவில் இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ரூபே கார்டை மட்டும் நம்பியும் போக வேண்டாம். விசா ஒன்று, மாஸ்டர்கார்டு ஒன்று, இரண்டும் வேறு வேறு வங்கியுடையதாக, இரண்டு பேர் பையில்.

வாடகைக் காருக்கு ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைக் கேட்பார்கள். டெபாசிட்டாக ஒரு பெரிய தொகையை முடக்குவார்கள்; ஆளில்லாத பெட்ரோல் பம்பும் 100, 150 யூரோ என்று முடக்கிவிட்டுப் பிறகு உண்மைத் தொகையை எடுக்கும். ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுத்தால் முடங்குவது உங்கள் சொந்தப் பணம். விடுபடச் சில நாட்கள் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். கார்டில் 600 யூரோ இருந்தும் இரவுச் சாப்பாட்டுக்குக் கார்டு மறுக்கப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கிளம்பும் முன்பும் தெருவிலும்

ரிசர்வ் வங்கியின் 2020 ஜனவரி ஆணைப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். வங்கிச் செயலியில் வெளிநாடு என்ற பகுதிக்குள் ஏடிஎம், கடை, ஆன்லைன், கான்டாக்ட்லெஸ் நான்கும் தனித்தனிச் சுவிட்சுகள். ஒன்றைத் திறந்துவிட்டு எல்லாம் திறந்துவிட்டதாக நினைப்பதால்தான் அங்கே போய்க் கார்டு வேலை செய்யாமல் போகிறது. தினசரி உச்சவரம்பு பூஜ்யத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆன்லைனில் ரயில் டிக்கெட் எடுக்க ஓடிபி வர வேண்டும் என்பதால் இந்திய சிம்மில் ரோமிங் செயல்பட வேண்டும். ஒரு பயணத்துக்கு வெளிநாட்டுத் தாள்களாக 3,000 டாலர் மதிப்பு வரை வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோவோ அதற்கு மேலோ பணமாகக் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

நாணயம் மாற்றும் கடைகளில் ‘கமிஷன் இல்லை’ என்ற பலகைக்கு மதிப்பே கிடையாது, லாபம் விகிதத்துக்குள் இருக்கிறது. “100 யூரோ கொடுத்தால் கையில் எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்டு, எண்ணை எழுதிக் காட்டச் சொன்ன பிறகே தாளை நீட்டுங்கள். ப்ராக் நகரில் ஏமாந்துவிட்டீர்கள் என்றால் ஒரு வழி உண்டு: செக் சட்டப்படி 1,000 யூரோ மதிப்புக்கு உட்பட்ட மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதுடன் போய் ரத்து செய்யலாம். தெருவில் நல்ல விகிதம் தருகிறேன் என்று வருபவரிடம் எதையும் மாற்றாதீர்கள். செல்லாத தாளையோ வேறு நாட்டுத் தாளையோ திணித்துவிட்டுப் போவார்கள். உறவினர் கொடுத்த பழைய தாள்களையும் சோதியுங்கள். பிரிட்டனின் காகித 20, 50 பவுண்ட் தாள்கள் 2022 செப்டம்பர் 30க்குப் பின் கடைகளில் செல்லாது. யூரோவின் முதல் வரிசைத் தாள்கள் இன்றும் செல்லும்.

கார்டு தொலைந்தால் முதலில் செயலியில் முடக்குங்கள், பிறகு வங்கியை அழையுங்கள், அதன் பிறகு காவல் நிலையம். வங்கி மீதோ உங்கள் மீதோ தவறில்லாத மோசடியை, வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம் என்பது ரிசர்வ் வங்கியின் 2017 ஆணை. ஆகவே எஸ்எம்எஸ் அறிவிப்பைப் பயணத்தில் அணைத்து வைக்காதீர்கள். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால் அங்குள்ள வங்கியுடன் மல்லுக்கட்டுவதில் பயனில்லை. இடம், நேரம், மெஷின் எண், திரையின் படம் ஆகியவற்றுடன் உங்கள் வங்கியில் புகார் பதிவு செய்து புகார் எண்ணை வாங்குங்கள்.

ஊர் திரும்பியதும் ஃபாரெக்ஸ் கார்டின் மீதியை உடனே ரூபாயாக்க வேண்டாம். கார் வாடகை, ஓட்டல், சுங்கச்சாவடி பில்கள் சில நாள் கழித்தும் வரும். அவை அடங்கிய பிறகு மாற்றுங்கள். மீந்த வெளிநாட்டுத் தாள்களைத் திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற மணி சேஞ்சரிடமோ ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்காக வைத்துக்கொள்ளலாம். காசுகளை இங்கே யாரும் மாற்றித் தர மாட்டார்கள், ஆகவே விமான நிலையத்திலேயே செலவழித்துவிடுங்கள். மீந்தால் அவற்றை வைத்துக்கொள்ள வரம்பு இல்லை.