ஃபீட்பேக்: கருத்தா, குறையா, பின்னூட்டமா?

அம்மன் கொடைக்கு மைக் செட் போடும்போது திடீரென்று 'கீ' என்று காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு ஊளை எழும்புமே, அதுதான் ஃபீட்பேக். பாக்ஸில் இருந்து வெளியே போன சத்தம் திரும்பி மைக்குக்குள்ளேயே புகுந்து, ஆம்ப்ளிஃபையரில் பெருகி, மறுபடி வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் நிற்காமல் சுற்றுகிறது.

ஆபீஸில் நாம் சொல்லும் ஃபீட்பேக்கும் இந்த மின்துறையில் இருந்து வந்ததுதான். ஃபீட் என்றால் ஊட்டு, பேக் என்றால் திரும்ப. 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துப் பொறியாளர் ஹரால்டு பிளாக், தொலைபேசி ஆம்ப்ளிஃபையரில் இருந்து வெளிவருவதில் ஒரு பங்கை எதிர்த்திசையில் உள்ளேயே திருப்பிவிட்டால் ஒலிச் சிதைவு குறையும் என்று கண்டுபிடித்தார். ஊளையிட வைப்பது நேர்ப் பின்னூட்டம், சீராக்குவது எதிர்ப் பின்னூட்டம். 1940களில் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் இந்த எண்ணத்தை உயிர்களுக்கும் இயந்திரங்களுக்கும் விரித்தார். குழுவாக வேலை செய்கிற மனிதர்களுக்குக் கொண்டுவந்தவர்களில் உளவியலாளர் கர்ட் லெவின் முக்கியமானவர்.

தமிழில் பின்னூட்டம். இயற்பியல் பாடத்திலும் உண்டு, வலைப்பதிவர்கள் புழங்கியதும் உண்டு. உண் என்பதில் இருந்து ஊட்டு, அதில் இருந்து ஊட்டம். 'கருத்து' என்று எழுதுவதை விட இதுவே சரி என்பேன், ஏனென்றால் கருத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், பின்னூட்டம் அடுத்த வேலைக்குள் போய்ச் சேர வேண்டும்.

இப்போது பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு அச்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "ஏல, ஒழுங்கா பாத்துச் செய்யி" என்று முதலாளி சொன்னால் அது ஏச்சு, பையனுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. "பொண்ணோட இனிஷியல் விட்டுப்போச்சு, இனிமே ப்ரூஃப் எடுத்ததும் பேர் வரிய மட்டும் தனியா ஒருக்கா வாசிச்சிரு" என்றால் பின்னூட்டம். அடுத்த பத்திரிகை மாறும்.

கீழே இருந்து மேலே சொல்வதுதான் நம்ம ஊரில் கஷ்டம். பெரியவர்களிடம் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்த பையன், திருத்தம் குழம்புவது தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்வது நமக்குப் புதுசு இல்லை, இடித்துச் சொல்ல ஆள் இல்லாத மன்னன், கெடுக்க எவரும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்று குறள் சொல்கிறது (448). இடித்துரை என்ற சொல் கொஞ்சம் கடுமையானது, தினப்படி வேலைக்கு அந்த அளவு வேண்டாம். "அண்ணாச்சி, நீங்க போன்ல சொல்லுத திருத்தம் ஆளுக்கு ஒரு விதமா வந்து சேருது, வாட்ஸ்அப்புல எழுதிப் போட்டுருங்க" என்று சொன்னால் போதும். அதைக் கேட்டு அண்ணாச்சி முகம் சுளிக்காமல், சாயங்காலமே எழுதிப் போட ஆரம்பித்தால், மெஷின் ஓட்டுகிறவரும் நாளைக்குத் தன் பங்குக்கு ஒன்று சொல்ல வருவார்.